அரை கிலோ ஈரம்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரையும் யாரும் எந்த இடத்திலிருந்தும் வெளியே போகச் சொன்னதில்லை. கோபித்துக்கொண்டு நாங்களாகவே எழுந்து வந்த இடங்கள் உண்டு. ஒரு கல்யாண வீடு, இரண்டு சங்கக் கூட்டங்கள், ஒருமுறை பல் வைத்தியரின் நாற்காலி. அது வேறு கணக்கு. அப்படிப்பட்ட வீட்டு மருமகளை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நகராட்சி நீச்சல் குளத்திலிருந்து விசில் ஊதி வெளியேற்றினார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து, ஈரப் பையைக் கொல்லைப்பக்கம் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல டீ போட்டாள். என் அக்காதான் கண்டுபிடித்தாள். அக்காவுக்கு எழுபத்தாறு வயது. எனக்கு எழுபது. இந்தத் தெருவில் என்னை "டேய்" என்று கூப்பிடும் உரிமை உள்ள ஒரே ஆள் அவள். அந்த உரிமையை அவள் வீணாக்குவதே இல்லை.

"ஒரு மணி நேரம் நீந்துறேன்னு போனவ அரை மணியில வந்து நிக்கிறா. கேட்டா சிரிக்கிறா. டேய், அவளைக் குளத்துல இருந்து துரத்திட்டாங்கடா."

"யாரை?"

"உன் மருமகளை. வேற யாரு, என்னையா?"

மருமகள் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸ். என் மகன் ஆற்றின் நடுவே இருக்கும் தீவு ஒன்றில் பள்ளி ஆசிரியன். மாதத்துக்கு இரண்டு நாள் வருவான், அந்த இரண்டு நாளும் தூங்குவான். கல்யாணமாகி இரண்டு வருடம் இப்படியே போய்விட்டது. தீவுகளைச் சுற்றி வரும் படகு மருத்துவமனைக்கு இந்த வருடம் ஒரு நர்ஸ் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வேலை கிடைத்தால் அவள் தீவிலேயே தங்கலாம். எல்லாத் தகுதியும் இருந்தது, ஒன்றைத் தவிர: நிற்காமல் ஐம்பது மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். இவள் பதினைந்தில் மூச்சு வாங்கிக் கம்பியைப் பிடிப்பவள். தேர்வுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. இதை விட்டால் அடுத்த தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

உடையை அவளேதான் தபாலில் வரவழைத்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கருநீலம், தலைக்குத் தனி உறை, இடுப்பிலிருந்து தொடைவரை ஒரு சின்னப் பாவாடை. "இதுலதான் அத்தை எனக்கு மனசு நீந்துறதுல இருக்கும். மத்ததுல இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருப்பேன்" என்று அக்காவிடம் சொன்னாள். நான் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமனார் மருமகளின் உடையைப் பற்றி மருமகளிடம் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எனவே நானும் அக்காவிடமே சொன்னேன்:

"அக்கா, உடுப்பு ஒட்டுற மாதிரி இருக்கு. மேல ஒரு பருத்தி அங்கி போட்டுக்கச் சொல்லு. முழங்கால் வரைக்கும்."

"அத்தை, சரின்னு சொல்லிட்டேன்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்றாள் மருமகள்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்றாள்.

விசில் ஊதிய செய்தி பத்து மணிக்குள் தெருவைச் சுற்றிவிட்டது. எதிர்வீட்டுக்காரி, "அவ்வளவு ஒட்டின உடுப்பைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்த பொண்ணு ஆம்பளைங்க நடுவுல இறங்கலாமா?" என்று கேட்டாளாம். குளத்தில் ஒரு அம்மாள், "இவ்வளவு மூடிக்கிட்டு எதுக்குத் தண்ணிக்கு வரணும்?" என்று கேட்டாளாம். ஒரே உடுப்பு, தெருவில் போதவில்லை, குளத்தில் அதிகமாகிவிட்டது. நான் முப்பத்து நான்கு வருடம் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். ஒரே பொருள் இரண்டு கடையில் இரண்டு எடை காட்டினால் பொருளை நான் குற்றம் சொன்னதில்லை. இரண்டு தராசையும் பறிமுதல் செய்திருக்கிறேன்.

மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனேன்.

மேலாளர் நல்ல மனிதர்தான். அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு, மேசையில் கயிறு கட்டி வைத்திருந்த புகார்ப் புத்தகத்துக்கு.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்களே பாருங்க. நாலு நாள்ல ஒம்பது புகார். ஏழு ஒரே கையெழுத்து."

"யாரு?"

அவர் கண்ணாலேயே தண்ணீரைக் காட்டினார். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகிறவர் ஒருவர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். தினமும் வருகிறவர். தனக்குத்தானே டால்ஃபின் என்று பெயர் வைத்துக்கொண்டவர். வயிறு தண்ணீருக்கு மேலே தனியாக ஒரு தீவு போல இருந்தது.

புகார்கள் எல்லாம் ஒரே விஷயம்தான்: முழுத்துணி தண்ணீரை உறிஞ்சுகிறது, அழுக்கைக் கொண்டுவருகிறது, இது குளமா துணி துவைக்கும் இடமா? சுவரில் பலகையும் இருந்தது. "தண்ணீரை உறிஞ்சும் உடைகளுக்கு அனுமதி இல்லை."

"எவ்வளவு உறிஞ்சினா அனுமதி இல்ல?" என்றேன்.

"எவ்வளவுன்னா?"

"அளவு போடாத விதி என்ன விதி தம்பி? 'ஒரு மாதிரி'ன்னு எழுதி வெச்சுப் பருப்பு விக்க முடியுமா?"

டால்ஃபின் நீந்திக் கரைக்கு வந்து, கைகளைத் திட்டில் ஊன்றிக்கொண்டார். "என்ன பெரியவரே, ஆராய்ச்சி?"

"நேத்து வெளிய அனுப்பின பொண்ணு என் மருமக."

"ஓ! கம்பளி மூட்டை உங்க வீடா?" கூட இருந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். "தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணு படியேறும்போது குளத்துல அரை அடி தண்ணி இறங்கிடுச்சு. கேளுங்க இவங்களை."

"அப்போ நீங்களே ஒரு அளவு சொல்லுங்க."

"அரை கிலோ!" என்றார் அவர், ஏலம் கேட்பவர் மாதிரி. "அரை கிலோ தண்ணிக்கு மேல குடிக்கிற எந்தத் துணியும் இந்தக் குளத்துல இறங்கக் கூடாது. எழுதிக்கோங்க மேனேஜர்."

"எந்தத் துணியும்னுதானே சொன்னீங்க?"

"எந்தத் துணியும்."

"யார் போட்டிருந்தாலும்?"

"ராஜாவே போட்டிருந்தாலும்!"

அதை அப்படியே எழுத வைத்தேன். முறையையும் எழுத வைத்தேன்: உலர்ந்த எடை, நனைத்து எடுத்து ஐந்து நிமிடம் சொட்டவிட்ட எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மேலாளர் கையெழுத்துப் போட்டார். டால்ஃபின் ஈரக் கையால் போட்டார். நானும் போட்டேன். சனிக்கிழமை காலை எல்லோர் முன்னாலும் எடை போடுவது என்று முடிவாயிற்று. அதுவரை மருமகள் தண்ணீரில் இறங்கக் கூடாது.

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ அந்த உடுப்பை எடை போட்டுப் பாத்தியா?"

"இன்னும் இல்ல. முதல்ல வரம்பு, அப்புறம்தான் எடை. எடையைப் பாத்துட்டு வரம்பு எழுதுறவன் வியாபாரி. நான் அதிகாரி."

"ரிட்டயர் ஆன அதிகாரி."

"கை நடுங்கினாலும் முறை முறைதான்."

"உன் முறையில தீய வை. அந்தப் புள்ள இனி மூணு நாள் நீந்தாம நிக்கணும்" என்று சொல்லி அக்கா எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மருமகள் வேலை முடிந்து வந்ததும் கூடத்து மேசையில் என் தராசை வைத்து, முள்ளைச் சரிபார்த்தேன். ஒரு சிக்கல் இருந்தது. உடுப்பை என் கண்ணுக்கு முன்னால் தொங்கவிட எனக்குச் சம்மதம் இல்லை. நாளைக்கு ஊர் முன்னால் எப்படித் தொங்கவிடுவது? நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அக்காவிடம் இதைச் சொல்லத் தொடங்கினேன்.

"அத்தை, மூடி போட்ட தூக்குல வெச்சுக் கொண்டுவரேன்னு சொல்லுங்க" என்றாள் மருமகள் உள்ளே இருந்து. "வெறும் தூக்கை முதல்ல எடை போட்டுக் கழிச்சுடலாம். வார்டுல நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. அதைப் பாராட்டுவது என் பழக்கமில்லை. "ம்" என்றேன்.

கொல்லையில் நனைத்து, ஐந்து நிமிடம் சொட்டவிட்டு, தூக்கு வந்தது. எடை போட்டேன். கழித்தேன். மறுபடி கழித்தேன். முள்ளை மறுபடி சரிபார்த்தேன்.

ஒரு கிலோ ஐந்நூற்று இருபது கிராம் தண்ணீர்.

அரை கிலோ என்று எழுதிய தாளில் என் கையெழுத்தும் இருந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு என் வீட்டுப் பெண்ணை இனி ஒரேயடியாகத் தடுத்து நிறுத்தலாம். தடுக்கிறவனுக்கு ஆயுதம் செய்து, பிடி போட்டு, கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"லேசாப் பிழிஞ்சுட்டு வெச்சா?" என்றாள் அக்கா.

"அக்கா!"

"சும்மா கேட்டேன்டா. கண்ணை உருட்டாதே."

மருமகள் கதவருகே வந்து நின்றாள். "அத்தை, ரெண்டையும் தனித்தனியா வெச்சுப் பாக்கலாமான்னு மாமாவைக் கேளுங்க."

தனித்தனியாக வைத்தோம். கருநீல உடுப்பு முந்நூற்றுப் பத்து கிராம். அதற்கு மேல் போட்ட பருத்தி அங்கி, நான் போடச் சொன்ன அங்கி, ஒரு கிலோ இருநூற்றுப் பத்து.

அக்காவுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தோளுக்கு வந்து, அங்கிருந்து கண்ணுக்குப் போனது. முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "குடும்ப மானம் ஒரு கிலோ இருநூத்திப் பத்துடா. சொட்டவிட்டு எடுத்த எடை."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதல்முறையாக நேராக மருமகளைப் பார்த்துக் கேட்டேன். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தாள். "வார்டுல குழந்தைங்க ஈரத்துணியை எடை போட்டுத்தான் மாமா எவ்வளவு நீர் போச்சுன்னு எழுதுவோம். பருத்தி எவ்வளவு குடிக்கும்னு கையில எடுத்தாலே தெரியும். மொத நாள் அந்த அங்கியோட இறங்கும்போதே யாரோ காலைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருந்துச்சு. பதினஞ்சு மீட்டர் தாண்ட முடியாததுக்கு அதுவும் ஒரு காரணம்."

"அப்புறம் ஏன் போட்டே?"

"நீங்க சொன்னீங்களே."

தராசு பொய் சொல்லாது என்று எத்தனை கடைக்காரர்களிடம் சொல்லியிருப்பேன். அவர்கள் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"அங்கி வேண்டாம்மா" என்றேன். "நாளையில இருந்து வேண்டாம்."

"சரி மாமா."

"தபால்காரி இல்லாமலே ரெண்டு பேரும் நேரா பேசிட்டீங்களே" என்று அக்கா தன் பங்குக்கு ஒரு குத்து விட்டாள்.

சனிக்கிழமை காலை குளத்தருகே நாற்பது பேராவது இருந்தார்கள். நீந்த வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. மேசையில் தராசை வைத்தேன். மேலாளர் பதிவு எழுத உட்கார்ந்தார். தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். குளத்தின் பெண் காவலர் தனியறையில் நனைத்து, தன் கையாலேயே மூடிக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னேன். அவர் அடங்கினார்.

முதலில் பருத்தி அங்கியை வைத்தேன். இதை நான் மறைத்திருக்கலாம். முந்தின இரவே பழந்துணிப் பெட்டிக்குப் போயிருக்க வேண்டியதுதான். ஆனால் ஆய்வாளர் தன் பையில் குறைந்த படிக்கல்லை ஒளித்துக்கொண்டு அடுத்தவன் கடையைச் சோதிக்க முடியாது.

"ஒரு கிலோ இருநூற்றுப் பத்து. தேறவில்லை" என்று உரக்கப் படித்தேன்.

டால்ஃபின் கை தட்டினார். "நான் சொல்லல?"

"இந்த அங்கி என் உத்தரவு. மருமகள் கேட்டதில்ல. தப்பு என்னோடது. இனிமே இது வராது." இதையும் அதே குரலில் சொன்னேன். கை தட்டல் பாதியில் நின்றது. "அடுத்தது, அவங்க உடுப்பு."

மேலாளரே முள்ளைப் பார்த்தார், கழித்தார், எழுதினார். "முந்நூத்திப் பத்து சார்."

"தேறியது. அடுத்தவர் வாங்க."

"அடுத்தவர்னா?" என்றார் டால்ஃபின்.

"எந்தத் துணியும், யார் போட்டிருந்தாலும். ராஜாவைத்தான் முதல்ல கூப்பிடலாம்னு பாத்தேன், அவர் ஊர்ல இல்லையாம். நீங்க வாங்க."

பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டால்ஃபினால் பின்வாங்க முடியாது. சொன்ன வார்த்தை அவருடையது, கையெழுத்தும் அவருடையது. உடைமாற்றும் அறைக்குள் போனார். சற்று நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்து, ஒரு கை நீண்டு, கால்சட்டையைக் கொடுத்தது. முழங்காலுக்குக் கீழே வரை வரும் தடிப் பருத்தி. ஆறு பைகள். உலர்ந்த எடைக்கு முன் பைகளைக் காலி செய்தோம்: ஒரு சீப்பு, ஒரு சாவி, கூழாகிப் போன பஸ் டிக்கெட். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. சீப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. பின்னாலிருந்து வேறு யாரோ கேட்டார்கள்.

"எண்ணூத்தி நாப்பது" என்றார் மேலாளர், மெதுவாக.

"சத்தமா படிங்க."

"எண்ணூத்தி நாப்பது!"

"தேறவில்லை."

"தராசு சரியில்ல!" என்று கதவு இடுக்கிலிருந்து தலை மட்டும் கத்தியது. என் தராசில் முத்திரை இருக்கும் இடத்தை மேலாளர் கொண்டுபோய் அந்தத் தலையிடம் காட்டிவிட்டு வந்தார்.

அன்று காலை ஆண்களில் ஏழு பேர் எடைக்கு வந்தார்கள். ஒல்லியான ஒரு பேராசிரியர் தேறினார். மற்ற ஆறு பேருக்கும் எழுநூற்றுக்கு மேல். ஒருவர் உள்ளே பனியனும் போட்டிருந்தார். கையெழுத்தான விதிப்படி ஆறு பேரும் வெளியே. குளம் காலியாயிற்று. நாங்கள் தராசைச் சுற்றி வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் மருமகள் சத்தமில்லாமல் இறங்கியிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது பேராசிரியர் ஒரு ஓரத்தில் போய்க்கொண்டிருந்தார்; குளத்தின் மீதி முழுவதும் அவளுக்கு. அன்று முப்பது மீட்டர் போனாள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். அரை கிலோவுக்குள் வரும் கால்சட்டை கடையில் கிடைத்தது. ஆனால் அது ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது. திங்கட்கிழமை காலை டால்ஃபின் கழுத்திலிருந்து முழங்கால் வரை துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். தண்ணீர் ஓரம் வரை வந்து, இடமும் வலமும் பார்த்து, துண்டை விடுவதா வேண்டாமா என்று நின்றார். மருமகளுக்குத் துணையாக வந்திருந்த நான் கரையோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"சார்" என்றார், தணிந்த குரலில். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கு சார்."

திரும்பிக்கொண்டேன். மரியாதை கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் யாரும் பழகவில்லை. தொப்பென்று சத்தம் கேட்டது. ஆனால் ஏறும்போது துண்டு கைக்கு எட்டவில்லை. பெண் காவலர்தான் ஒரு கோலால் தள்ளிக் கொடுத்தார். முகத்தில் அவர் ஒன்றும் காட்டவில்லை. அது அவர் தொழில்.

வியாழக்கிழமை அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க மருமக போட்டுக்கிறாங்களே, அது ஆம்பளைங்க அளவுல வருமா?"

"கம்பளி மூட்டையா?"

"சார், விடுங்க சார்."

"அவங்ககிட்டயே கேளுங்க. ஆனா முதல்ல கேக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு."

அவர் புரிந்துகொண்டார். மருமகள் கரைக்கு வரும்வரை துண்டோடு காத்திருந்து, "அன்னைக்குப் பேசினது தப்பும்மா" என்றார். அவள், "பரவாயில்லண்ணே. எக்ஸ்எல் போதாது, ரெண்டு எக்ஸ் சொல்லுங்க" என்றாள். அதே நாள் அவர் கையாலேயே புகார்ப் புத்தகத்தில் எழுதினார், தண்ணீருக்கு ஏற்ற எந்தத் துணியும் யார் போட்டாலும் தகும் என்று. மேலாளர் பழைய பலகையைக் கழற்றிவிட்டு அதையே எழுதி மாட்டினார். எதிர்வீட்டுக்காரி மட்டும் மாறவில்லை. உடுப்பு ஒட்டுகிறது என்று இன்றைக்கும் சொல்கிறாள். அவளிடம் தராசு செல்லாது.

தேர்வு நாளன்று படகுத்துறை அதிகாரிகள் வந்திருந்தார்கள். தேர்வுக்கு வந்தவர்கள் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. நான் மதில் சுவருக்கு வெளியே குடையோடு நின்றேன். முந்தின நாள் வரை அவள் அதிகபட்சம் நாற்பத்தைந்து போயிருந்தாள். மேலாளர் வாசல் கம்பிக்கு உள்ளே நின்று எனக்குச் செய்தி சொன்னார்.

"குதிச்சுட்டாங்க சார்… பாதி வந்துட்டாங்க… எதிர்ச்சுவரைத் தொட்டுட்டாங்க. இருபத்தஞ்சு."

"மூச்சு எப்படி?"

"இங்கிருந்து எப்படி சார் தெரியும்? திரும்பிட்டாங்க… மெதுவாப் போறாங்க… சார், நின்னுடுவாங்க போல."

குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல, போறாங்க. போறாங்க… தொட்டாச்சு! அம்பது! சார், அம்பது ஆச்சு!"

நான் குடையை எடுக்கக் குனிந்தேன்.

"ஐயோ, மறுபடி திரும்புறாங்க சார்! அதிகாரி கையைக் காட்டுறாரு, இவங்க பாக்கல… போய்ட்டே இருக்காங்க!"

ஈரத் தலையோடு அவள் வெளியே வந்தபோது கையில் தேர்ச்சித் தாள் இருந்தது. "மாமா, எண்ண மறந்துட்டேன்" என்றாள். "பயத்துல ஒரு சுத்து அதிகமாயிடுச்சு. எழுபத்தஞ்சு."

"ஐம்பதுன்னா ஐம்பதோட நிறுத்தணும்மா" என்றேன். "கூட அளந்து கொடுக்கிறதும் பிழைதான்." குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தேன். அவள் நடந்துகொண்டே மகனுக்குப் போன் செய்தாள். அவன் அந்தப் பக்கம் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். தெருவே கேட்கும்படி, "எத்தனை மீட்டர்டா போனா?" என்றாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

"நூறு" என்றேன்.